பதிவுத் தபாலில் போன சம்மன்

நீதிமன்ற வளாகத்தில் அவளை எல்லோரும் ஃபைல் அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். ஒரே வக்கீலிடம் இருபத்து நான்கு வருடமாகக் குமாஸ்தா. எந்த வழக்குக் கட்டு எந்த அலமாரியில் கிடக்கிறது, எந்த நீதிபதி பதினொரு மணிக்கு முன்னால் எரிந்து விழுவார், எந்தக் கவுண்டரில் முத்திரை மை காய்ந்திருக்கும் என்பதெல்லாம் அவளுக்கு அத்துபடி. புதிதாகக் கோட்டு மாட்டிக்கொண்டு வரும் வக்கீல்கள் நேராக அவளிடம்தான் வந்து நிற்பார்கள். "அக்கா, இந்த மனுவை எங்க கொடுக்கணும்? அக்கா, இதுக்கு எத்தனை நகல் வைக்கணும்?" கோட்டுப் போட்டவர்களுக்கெல்லாம் வழி சொல்லிச் சொல்லியே, நாற்பத்து இரண்டாவது வயதில் அவளுக்கு ஒரு ரோஷம் பிறந்தது. இவர்களுக்கே நான்தான் சொல்லிக்கொடுக்கிறேன் என்றால், நானே ஏன் கோட்டுப் போடக் கூடாது? மாலை நேரச் சட்டக் கல்லூரியில் போய்ச் சேர்ந்துவிட்டாள்.

மற்ற பாடங்களை எல்லாம் ஊதித் தள்ளினாள். ஒப்பந்தச் சட்டம், சொத்துச் சட்டம், சாட்சியச் சட்டம் என்று எதுவும் அவளிடம் வாலாட்டவில்லை. ஒரே ஒரு பாடம்தான் அவளைக் கீழே தள்ளி மிதித்தது. 'எல்லை கடந்த வழக்குகளில் உரிமையியல் நடைமுறை.' பெயரைச் சொல்லி முடிப்பதற்குள் மூச்சு வாங்கும். மூன்று முறை எழுதினாள், மூன்று முறையும் மண்ணைக் கவ்வினாள். ஐந்து முறைக்கு மேல் எழுத விடமாட்டார்கள்.

அப்படி என்னதான் பாடம் அது என்கிறீர்களா? வழக்குப் போடுகிறவர் இந்த நாட்டில் இருக்கிறார், எதிராளி வேறொரு நாட்டில் இருக்கிறார். எந்த நாட்டு நீதிமன்றம் விசாரிக்கலாம்? எந்த நாட்டுச் சட்டம் செல்லும்? உன்மீது வழக்கு இருக்கிறது என்று எதிராளிக்கு எப்படித் தெரிவிப்பது? இங்கே கொடுக்கும் தீர்ப்பை அங்கே மதிப்பார்களா? கேள்வி என்னவோ இந்த நான்குதான். புத்தகம் அறுநூற்று நாற்பது பக்கம்! எந்தக் கேள்விக்குப் பதில் தேடினாலும் கடைசியில் ஒரே வரிதான் வந்து நிற்கும்: 'இது அந்தந்த நாட்டைப் பொறுத்தது.' அதைப் படிக்கும்போதெல்லாம் அவளுக்கு வயிறு எரியும். "அந்தந்த நாட்டைப் பொறுத்ததுன்னா அந்தந்த நாட்டுக்காரன்கிட்டயே போய்க் கேட்டுக்கிறேனே, நீ எதுக்குடா புத்தகம் எழுதினே?" என்று புத்தகத்தைப் பார்த்துத் திட்டுவாள். அவள் வீட்டுக்காரர், வகுப்பு நாட்களில் இரவுச் சமையலை ஏற்றுக்கொண்டவர், அடுப்படியிலிருந்து, "யாரைத் திட்றே? என்னையா?" என்பார்.

இத்தனைக்கும் அது விருப்பப் பாடம். வேறு ஏதாவது சுளுவானதை எடுத்திருக்கலாம். வீம்பாக இதைத்தான் எடுத்தாள். எடுத்ததற்குக் காரணம் அவளுடைய தங்கை.

தங்கை அவளைவிடப் பதினோரு வயது இளையவள். ஒரு பல் மருத்துவமனையில் வரவேற்பில் உட்கார்ந்திருந்தாள். அவள் புருஷன் குழாய் வேலைக்கு என்று கடல் தாண்டிப் போனவன். முதல் ஆறு மாதம் தினமும் கூப்பிட்டான், பிறகு வாரத்துக்கு ஒருமுறை, பிறகு சண்டை போடுவதற்கு மட்டும். ஒன்றரை வருடம் கழித்து ஒரு பெரிய சண்டை நடந்தது. அதற்கப்புறம் அந்தப் பக்கத்திலிருந்து சத்தமே இல்லை. இவளும் சில நாள் கூப்பிட்டுப் பார்த்துவிட்டு, பிறகு வீம்புக்கு ஒரு மாதம் கூப்பிடவில்லை. மறுபடி கூப்பிட்டபோது அந்த எண் உபயோகத்தில் இல்லை. அவனுக்குத் தாய் தகப்பன் கிடையாது, கூடப் பிறந்தவர்களும் கிடையாது, போய்க் கேட்க ஒரு வாசல் இல்லை. தங்கை வாடகை வீட்டைக் காலி செய்துகொண்டு இரண்டு பெட்டியோடு அக்கா வீட்டுக்கு வந்துவிட்டாள். "அவன் அங்க இன்னொருத்தியோட குடும்பம் நடத்துறான்க்கா. எனக்குத் தெரியும்," என்றாள். எப்படித் தெரியும் என்று யாரும் கேட்கவில்லை. எல்லோருக்கும் அப்படித்தான் தோன்றியது.

அந்த மருத்துவமனையின் மாடியில் செயற்கைப் பல் வரிசை செய்கிற ஒருவர் இருந்தார். மனைவியை இழந்தவர், அதிகம் பேசாதவர். வீட்டில் அவருக்குப் 'பல்லுக்காரர்' என்று பெயர். தங்கைக்கும் அவருக்கும் ஒத்துப்போயிற்று. கல்யாணம் செய்துகொள்ளலாம் என்று இருவருக்கும் ஆசை. செய்துகொள்ள வேண்டுமென்றால் முதல் கல்யாணம் சட்டப்படி முறிய வேண்டும். ஃபைல் அக்காவின் வக்கீலே கட்டணம் வாங்காமல் விவாகரத்து வழக்கைப் போட்டுக்கொடுத்தார். ஃபைல் அக்கா அந்தக் கட்டின் மேல் தங்கையின் பெயரைத் தன் கையால் எழுதினாள். எழுதிய அன்றைக்கே போய் அந்தப் பாடத்தைத் தேர்ந்தெடுத்தாள். தங்கையின் வழக்கில் ஒரு எழுத்துக்கூடப் பிசகக் கூடாது என்பது அவள் எண்ணம்.

பிசகாமல் இருக்குமா? வேறு நாட்டில் இருப்பவனுக்குச் சம்மன் அனுப்ப வேண்டுமென்றால், இங்கே உள்ள அமைச்சகத்துக்கு அனுப்ப வேண்டும். அமைச்சகம் அங்கே உள்ள அதிகாரிகளுக்கு அனுப்பும். அங்கிருந்து ஒரு அமீனா, அதாவது நீதிமன்றச் சேவகர், நேரில் போய்க் கொடுத்துவிட்டுச் சான்றிதழ் அனுப்புவார். எல்லாவற்றையும் அந்த நாட்டு மொழியில் பெயர்த்து, இரண்டு செட் வைக்க வேண்டும். ஃபைல் அக்கா எல்லாம் செய்தாள். ஒன்பது மாதம் கழித்துக் கட்டு அப்படியே திரும்பி வந்தது. காரணம் என்ன தெரியுமா? திருமணச் சான்றிதழின் பின்பக்கத்தில் ஒரு வட்ட முத்திரை இருந்தது. அந்த முத்திரையில் இருந்த நான்கு சொற்களை யாரும் மொழிபெயர்க்கவில்லையாம். நான்கு சொல்லுக்கு ஒன்பது மாதம்! கட்டைத் தூக்கி ஜன்னல் வழியாக எறிந்துவிடலாமா என்று அவளுக்கு இருந்தது.

அந்த ஆத்திரத்தில்தான் அவள் பழைய குமாஸ்தா புத்திக்குப் போனாள். அவர்கள் அலுவலகத்தில் ஒரு வழக்கம் உண்டு. சம்மன் என்றால் பதிவுத் தபால், பதிவுத் தபால் என்றால் ஒப்புகை அட்டை. வாங்கியவன் கையெழுத்தோடு அட்டை திரும்பி வந்துவிட்டால் தீர்ந்தது கதை, கட்டின் மேல் 'சேர்ந்தது' என்று ஒரு முத்திரை. காலையில் வக்கீல் கேட்கிற முதல் கேள்வியே, "கார்டு வந்தாச்சா?" என்பதுதான். இருபத்து நான்கு வருடத்தில் எத்தனை ஆயிரம் அட்டைகளைக் கட்டில் ஒட்டியிருப்பாள்! அமைச்சகமும் வேண்டாம், அந்த நாட்டு அமீனாவும் வேண்டாம் என்று, அவன் கடைசியாகக் கொடுத்திருந்த முகவரிக்கு நேராகப் பதிவுத் தபாலில் சம்மனை அனுப்பினாள். நான்கே வாரத்தில் அட்டை கையெழுத்தோடு வந்து விழுந்தது. தங்கையிடம் ஓடிப் போய்க் காட்டினாள்.

தங்கை அட்டையைக் கண்ணருகே வைத்துப் பார்த்தாள். "அவனேதான். அவன் எப்பவுமே இப்படித்தான் கோழி கிளறின மாதிரி போடுவான்," என்றாள். "வாங்கிக்கிட்டுக் கம்முனு இருக்கான் பாரு, திமிர் பிடிச்சவன்!"

அட்டை நீதிமன்றத்துக்குப் போனது. எதிராளிக்குச் சம்மன் சேர்ந்துவிட்டது, ஆனாலும் வரவில்லை என்று பதிவானது. இரண்டு மூன்று வாய்தா போனது. கடைசியில் ஒருதலைத் தீர்ப்புக்கு நாள் குறித்தார்கள். அது ஒரு வியாழக்கிழமை. பல்லுக்காரர் கல்யாணப் பதிவுக்கு மனு வாங்கி வைத்துக்கொண்டார்.

அந்த வாரத் திங்கட்கிழமை மாலைதான் வந்தது வினை. கல்லூரியில் நான்காவது மாடி, பாதி விசிறிகள் ஓடாத அறை. பழைய விரிவுரையாளர் மாற்றலாகிப் போய்ப் புதிதாக ஒரு பெண் வந்திருந்தாள், ஃபைல் அக்காவைவிடப் பதினைந்து வயது குறைவு. அவள் திரையில் ஒரு அட்டவணையைப் போட்டாள். வேறு நாட்டிலிருந்து தபாலில் நேரடியாகச் சம்மன் வருவதை ஒத்துக்கொள்ள மாட்டோம் என்று எழுதிக்கொடுத்துவிட்ட நாடுகளின் பட்டியல். ஏழாவது வரியில் தங்கை புருஷன் போன நாடு இருந்தது. ஃபைல் அக்கா அந்த வரியை இரண்டு தடவை படித்தாள்.

கையைத் தூக்கினாள். "மேடம், அட்டையில எதிராளி கையெழுத்தே போட்டு வாங்கியிருந்தா?"

"போட்டிருந்தாலும் செல்லாதுங்க. அந்த நாட்டைப் பொறுத்தவரைக்கும் அவருக்குச் சம்மனே வரலை."

"தீர்ப்பு வாங்கிட்டா?"

"வாங்கலாம். ஆனா அவரு எப்ப வேணும்னாலும் வந்து, எனக்கு முறைப்படி தெரிவிக்கலைன்னு சொல்லித் தீர்ப்பை ரத்து பண்ணிடலாம். இது பின்னிணைப்புல இருக்கே, நீங்க பார்க்கலையா?"

பின்னிணைப்பு! புத்தகத்தின் கடைசி முப்பது பக்கம். அதிலிருந்து பரீட்சைக்குக் கேள்வி வராது என்று பழைய விரிவுரையாளர் சொன்னதை நம்பி, மூன்று முறை பரீட்சை எழுதியவள் அந்தப் பக்கங்களை ஒருமுறைகூடத் திருப்பவில்லை. தன் தலையில் தானே நங்கென்று குட்டிக்கொள்ள வேண்டும் போல இருந்தது அவளுக்கு.

மறுநாள் வக்கீலிடம் சொன்னாள். அவர் கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார். "ஏம்மா, மூணு வருஷமா எட்டிப் பார்க்காதவன் இனிமேல் வந்து ரத்து பண்ணப் போறானா? நாளன்னைக்குத் தீர்ப்பு. நீ வாயை மூடிக்கிட்டு இரு."

வாயை மூடிக்கொண்டு இருக்கலாம்தான். ஆனால் அவள் அலமாரியிலேயே அப்படி ஒரு கட்டு இருந்தது. ஏழு வருடம் கழித்து வந்து நின்றான் ஒருவன், சம்மன் ஒழுங்காக வரவில்லை என்று தீர்ப்பை உடைத்தான். அந்தப் பெண் அதற்குள் இரண்டாவது கல்யாணம் செய்து, இடுப்பில் ஒரு பிள்ளையோடு நீதிமன்ற வராந்தாவில் நின்றாள். இரண்டாவது கல்யாணமே செல்லாது என்றார்கள். அந்தக் கட்டைத் தைத்தவள் ஃபைல் அக்காதான். அவளால் எப்படிச் சும்மா இருக்க முடியும்?

புதன்கிழமை தங்கையிடம் சொன்னாள். தங்கை முதலில் சிரித்தாள், விளையாட்டு என்று நினைத்து. பிறகு முகம் மாறியது.

"நீ கோர்ட்டுல சொல்லாதேக்கா. உன் கால்ல வேணும்னாலும் விழறேன்."

"பின்னால அவன் வந்து நின்னா நீ தெருவுல நிப்படி."

"வரட்டும்! அப்பப் பார்த்துக்கலாம். முத்திரை விட்டுப்போச்சுன்னு ஒன்பது மாசம் போச்சு. தபால்ல அனுப்பினதும் நீதான், இப்ப தபாலு செல்லாதுன்னு சொல்றதும் நீதான். உன் படிப்பு உனக்கும் உதவலை, எனக்கும் வினையா வந்து வாய்ச்சிருக்கு!"

ஃபைல் அக்காவுக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது. தங்கை சொன்னதில் ஒரு வார்த்தை பொய் இல்லையே.

வியாழக்கிழமை காலை, நீதிமன்ற அறை வாசலில், வக்கீலின் கோட்டுக் கையைப் பிடித்து நிறுத்தினாள். "சார், நீங்க சொல்லலைன்னா நான் சொல்லிடுவேன்," என்றாள். இருபத்து நான்கு வருடத்தில் அவள் அவரிடம் அப்படிப் பேசியதில்லை. அவர் அவளை முறைத்தார். "எக்கேடு கெட்டுப் போ," என்றார். ஆனால் உள்ளே போய்ச் சொல்லிவிட்டார். நீதிபதிக்கு அரை நிமிடம்தான் பிடித்தது: அமைச்சகம் வழியாகப் புதிதாகச் சம்மன் அனுப்ப வேண்டும், வழக்கு ஒத்திவைக்கப்படுகிறது.

தங்கை அக்காவோடு பேசுவதை நிறுத்தினாள். ஒரே மேசையில் உட்கார்ந்துகொண்டு, "மாமா, குழம்புல உப்பு போதலைன்னு உங்க வீட்டம்மாகிட்டச் சொல்லுங்க," என்பாள். சமைத்தவரே மாமாதான். அவர், "சொல்லிட்டேன், அவளும் சரின்னுட்டா," என்று உப்பை நகர்த்துவார். பல்லுக்காரர் மட்டும் கோபப்படவில்லை. "ஒரு வருஷம்தானே. ஒரு குழந்தைக்குப் பால் பல்லு முளைச்சு முடியுறதுக்கே அதைவிட நாளாகும்," என்றார். அதைக் கேட்டுத் தங்கைக்கு இன்னும் அழுகை வந்தது.

ஃபைல் அக்கா புதிய கட்டைத் தயார் செய்தாள். அறுபத்து நான்கு பக்கம், இரண்டு செட். மொழிபெயர்ப்பாளரின் பக்கத்திலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்து, முத்திரை, முத்திரையின் ஓரத்து எழுத்து, அடித்துத் திருத்திய இடம் வரைக்கும் விரலை வைத்து, "இதைப் போட்டீங்களா? இதைப் போட்டீங்களா?" என்று அவர் உயிரை எடுத்தாள். அவர் கடைசியில், "அம்மா, காகிதத்துல ஒரு ஈ அடிபட்டு ஒட்டியிருக்கு, அதையும் மொழிபெயர்க்கட்டுமா?" என்று கேட்டார். கட்டு கிளம்பிப் போயிற்று.

நடுவில் பரீட்சை வந்தது. மூன்றாவது கேள்வியே சம்மனைப் பற்றித்தான். ஐயோ, அவள் கை நிற்கவேயில்லை! தபால் ஏன் செல்லாது, முத்திரையை ஏன் பெயர்க்க வேண்டும், அமைச்சகத்தில் எந்த மேசையில் கட்டு எத்தனை நாள் தூங்கும் என்று ஏழு பக்கம் எழுதித் தள்ளினாள். மணியைப் பார்த்தால் மிச்ச இரண்டு கேள்விக்குப் பத்து நிமிடம்தான் இருந்தது. மூன்று மதிப்பெண்ணில் போயிற்று. நான்காவது முறை! முடிவைப் பார்த்துவிட்டு அவள் அழக்கூட இல்லை, அவ்வளவு எரிச்சல். அந்தச் சம்மன் கேள்விக்கு முழு மதிப்பெண் போட்டிருந்தார்கள் என்பது பிறகு தெரிந்து இன்னும் எரிந்தது.

பதினோரு மாதம் கழித்து, ஒரு மதிய நேரத்தில், அமைச்சகத்திலிருந்து உறை வந்தது. மொழிபெயர்ப்பும் கூடவே இருந்தது. வக்கீல் வாய்விட்டுப் படிக்க ஆரம்பித்து, இரண்டாவது பத்தியில் நிறுத்தி, மீதியை மனசுக்குள் படித்தார். பிறகு தாளை அவள் பக்கம் தள்ளினார்.

அமீனா அந்த முகவரிக்குப் போயிருக்கிறார். பதினொரு ஆண்கள் தங்கும் வீடு அது. தபால்காரர் எதைக் கொண்டுவந்தாலும் அங்கே சமையல் பார்ப்பவர் கையெழுத்துப் போட்டு வாங்கி வைப்பாராம். சம்மனுக்கு உரியவர் உயிரோடு இல்லை. நுரையீரல் காய்ச்சலில் அரசாங்க மருத்துவமனையில் இரண்டு வாரம் கிடந்து, மார்ச் பத்தொன்பதாம் தேதி இறந்திருக்கிறார். அது நடந்து நான்கு வருடம் ஆகப்போகிறது. நகராட்சியே அடக்கம் செய்தது. குடும்பத்துக்குத் தூதரகம் எழுதிய கடிதம், பாஸ்போர்ட்டில் இருந்த முகவரிக்குப் போய், ஆள் இல்லை என்று திரும்பி வந்தது. இறப்புச் சான்றிதழின் நகல் இணைக்கப்பட்டுள்ளது.

"வழக்கே இல்லைம்மா," என்றார் வக்கீல். "நாம கேஸ் போடுறதுக்கு முன்னாடியே ஆள் போயாச்சு. உன் தங்கச்சி என்னைக்கு வேணும்னாலும் கல்யாணம் பண்ணியிருக்கலாம்."

ஃபைல் அக்கா தாளைத் திரும்ப ஒருமுறை படித்தாள். வழக்கு, கட்டு, முத்திரை, வாய்தா, ஏழு பக்கம், பேசாமல் இருந்த மாதங்கள் எல்லாமே யாருக்கு எதிராக? யார்மேல் கோபப்படுவது என்றுகூடத் தெரியாத கோபம் அவளுக்கு. மேசையைப் பளாரென்று ஒரு அறை அறைந்தாள்.

அப்படியே பல் மருத்துவமனைக்கு நடந்து போனாள். மதியத்தில் நோயாளிகள் யாரும் இல்லை. தங்கை வரவேற்பு மேசையில் மறுநாள் பெயர்களை எழுதிக்கொண்டிருந்தாள். ஃபைல் அக்கா உட்காராமல், சுற்றி வளைக்காமல் சொன்னாள். மாடியிலிருந்து பல்லுக்காரர் கையில் மெழுகோடு இறங்கி வந்து படியிலேயே நின்றுவிட்டார்.

தங்கை கத்தவில்லை, அழவில்லை. "என்னைக்கு?" என்று மட்டும் கேட்டாள். பல மாதத்துக்குப் பிறகு அக்காவோடு அவள் நேராகப் பேசிய முதல் வார்த்தை.

"மார்ச் பத்தொன்பது. எங்கேயும் ஓடிப்போகலைடி அவன். ரெண்டு வாரம் ஆஸ்பத்திரியில இருந்திருக்கான். போன் எடுத்துப் பேச முடியாம இருந்திருப்பான்."

"பத்தொன்பதா?" தங்கை பேனாவை மூடினாள். "பதினாறாம் தேதிதான்க்கா நான் அவனுக்குக் கடைசியா போன்ல மெசேஜ் போட்டேன். மூணு நாளாப் போன் பண்றேன், எடுக்கவே மாட்டேங்கிறான்னு எனக்கு ஆத்திரம். 'நீ செத்தாலும் எனக்குத் தகவல் வரக் கூடாது'ன்னு எழுதினேன்."

ஃபைல் அக்கா அவள் தோளைத் தொட்டாள். "கோவத்துல எழுதினதுதானே. அந்த நிலைமையில அவன் அதை எங்கடி பார்த்திருக்கப் போறான்?"

"பார்த்தான்க்கா," என்றாள் தங்கை. "மெசேஜுக்குக் கீழ ரெண்டு டிக்கும் நீலமாச்சு. நான் பார்த்துக்கிட்டே இருந்தேன்."